பரணில் இருந்த மரத்தூள்

எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த அன்று, புகுந்த வீட்டில் என் காலில் முதலில் பட்டது மரத்தூள்தான். வீட்டுக்குப் பின்னால் என் கணவருக்கு ஒரு மர அறுவை மில் இருந்தது. மில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு வட்ட ரம்பம், அதைச் சுற்ற ஒரு மோட்டார், இரண்டு வேலையாட்கள். ராஜபாளையத்துத் தோப்புகளில் காய்ப்பு நின்றுபோன மாமரங்களும், மம்சாபுரம் பக்கத்து வேம்பும் வாகையும் வண்டியில் வந்து இறங்கும். பலகையாகவும் சட்டமாகவும் அறுபட்டு ஊருக்குள் போய்விடும். தூள் மட்டும் எங்கேயும் போகாது. கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் சோற்றில் விழும், மழை பெய்தால் ஊறி நாறும்.

நான் ராஜபாளையத்துக்காரி. என் அத்தா, அதாவது அப்பா, நூற்பு மில் தொழிலாளி. பஞ்சுத் தூசியில் வளர்ந்த பெண்ணுக்கு மரத்தூசி என்ன பெரிய காரியம் என்று என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் சொன்னார்களாம். பஞ்சு ஒட்டும், இது அரிக்கும். அந்த வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் மாதம் முழுக்கச் சொறிந்துகொண்டே அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். எதையாவது பெருக்குவேன், தேய்ப்பேன், இடம் மாற்றி வைப்பேன். அப்படித்தான் அந்தக் குவியலில் கை வைத்தேன். செங்கல் சூளைக்காரர்கள் எப்போதாவது வந்து அள்ளிப்போவார்கள் என்று காத்திருப்பதைவிட, நாமே செலவழித்துத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அடுப்பு. மரத்தூள் அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய தகர டின்னில் அடிப்பக்கம் ஓரமாக ஓர் ஓட்டை போட வேண்டும். அதன் வழியாக ஓர் உருட்டுக் கட்டையைப் படுக்கைவாக்கில் செருகி, டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிமிர்த்தி வைத்து, இரண்டையும் சுற்றித் தூளைக் கொட்டிக் கொட்டி இடிக்க வேண்டும். எல்லாம் அந்த இடியில்தான் இருக்கிறது. பிறகு பாட்டிலைத் திருகி மேலே எடுத்து, கட்டையைப் பக்கவாட்டில் உருவினால் உள்ளே காற்றுக்கு வழி விழுந்திருக்கும். கீழே காகிதத்தைக் கொளுத்திச் செருகினால் நின்று எரியும். சோறு வடித்து, பருப்பு வேகவைத்து, வீட்டில் எல்லோருக்கும் வெந்நீரும் போட்டுவிடலாம். நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு புகை கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை நான் பயந்து பயந்து லேசாக இடித்ததில், மீன்குழம்பு கொதிக்கும்போது தூள் சரிந்து, சட்டி உள்ளே இறங்கிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் மர வாசனையோடு குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அதற்குள் அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பழகியது. கடலை எண்ணெய் கொட்டிவிட்டால் மேலே ஒரு கை தூளைப் போட்டு, செத்த நேரம் கழித்து அள்ளினால் தரை சுத்தம். தண்ணீர் தெளித்துப் பிசிறிய தூளை சிமெண்டுத் தரையில் தூவிப் பெருக்கினால் தூசி பறக்காது. கோழிக் கூண்டுக்குள் பரப்பினால் நாற்றம் அடங்கும். அதையே அள்ளிக் குழியில் போட்டு வைத்தால் நல்ல எருவாகும். சேறான கொல்லைப் பாதையில் கொட்டினால் கால் வழுக்காது. கதவில் விரிசல் விட்டால் நைஸ் தூளை வச்சிரப் பசையில் குழைத்து அடைக்கலாம். சாயங்காலம் சட்டியில் நெருப்பு எடுத்து வேப்பந்தூளைத் தூவினால் கொசு ஓடும், கூடவே வந்த விருந்தாளியும் ஓடுவார்.

எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. சுவர் ஓரமாகத் தூளைக் குவித்து வைத்ததில் கரையான் ஏறி, மரம் அறுக்கிறவன் வீட்டு நிலைப்படியையே தின்றது. மாங்காயை வேப்பந்தூளில் புதைத்துப் பழுக்க வைத்தேன். பழுத்தது, வாயில் வைத்தால் கஷாயம். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டினார்.

அதிலிருந்து தூளைத் தரம் பிரிக்கத் தொடங்கினேன். வேம்பு தனி, மா தனி. ஈர மரம் அறுத்த தூள் தோட்டத்துக்கு. காய்ந்த பழைய உத்திரங்களை அறுக்கும்போது விழுகிற தூள், கையில் எடுத்தால் மாவு மாதிரி உதிரும். அதைச் சலித்துச் சாக்குகளில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன். மழைக்கால அடுப்புக்கு அதுதான். நோன்புக் காலத்தில் சர்பத்துக்கு வாங்கும் ஐஸ் கட்டியைப் பொதிந்து வைக்கவும் அதுதான். எங்கள் வீட்டில் அப்போது பிரிட்ஜ் கிடையாது. மத்தியானம் வாங்கிய கட்டியை உலர்ந்த தூளுக்குள் புதைத்துச் சாக்கைச் சுற்றிவிட்டால், நோன்பு திறக்கும்போதும் கட்டியாகவே இருக்கும். ஈரத்தூளில் வைத்தால் சும்மா வைத்ததைவிடச் சீக்கிரம் கரைந்துவிடும்.

“ஏட்டி, நான் மரத்தை வித்துக் குடும்பம் நடத்துதேன், நீ தூளைச் சேத்து வச்சு எந்த ஊருக்கு ராணியாப் போகப் போறே?” என்று அவர் பரணைப் பார்த்துக் கேட்பார். இன்னொரு சாக்கை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து ஏற்றச் சொல்வேன்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அண்ணாச்சி வீடு. ஆண்டாள் கோயிலுக்குப் பூ கொடுக்கிற குடும்பம். கொல்லை முழுக்கத் துளசியும் நந்தியாவட்டையும் செவ்வந்தியும்தான். காலையில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு பூப்பறித்து, கூடையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது பெரும்பாலும் குறையாகத்தான் இருக்கும். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிட்டவர், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

நாங்கள் பழகியது ஒரு சண்டையில். கோடையில் செடிக்கு விட்ட தண்ணீர் நிற்கவில்லை என்று அண்ணாச்சி எங்கள் வேலையாளிடம் பச்சைத் தூள் நாலு கூடை கேட்டு வாங்கி, செவ்வந்திச் செடிகளின் தூரில் அப்படியே கொட்டிவிட்டார். கொஞ்ச நாளில் செடியெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. சுவருக்கு மேல் தலை தெரிந்தது. எங்கள் மரத்தில் விஷம் இருப்பதாகவும், சாமிக்குப் போகிற பூவை நாங்கள் கெடுத்துவிட்டதாகவும் சொன்னார். நான் விடுவேனா? பச்சைத் தூள் மக்கும்போது மண்ணில் உள்ள சத்தைத் தானே தின்றுவிடும் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்திலும் சண்டை போட எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று நன்றாகவே போட்டோம். மதினி வந்து அவரை உள்ளே கூட்டிப்போனார்.

அவரோ விடாப்பிடிக்காரர். தூளை எல்லாம் வாரிக் குழியில் கொட்டி, மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, மழைக்காலம் முழுக்க மூடி வைத்தார். அடுத்த தை மாதம் கறுப்பாக, பொலபொலவென்று எடுத்துச் செடிக்கு வைத்தார். அந்த வருஷம் செவ்வந்தி பூத்த பூப்பு, கிளை தாங்கவில்லை. ஒரு நாள் காலையில் சுவர் மேல் வாழையிலையில் ஒரு பந்து பூ இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவரால் முடிந்த சமாதானம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவருக்குத் தங்கச்சி.

அவர்களுக்கு ஒரே மகன். பம்பாயில் வேலை. அங்கேயே ஒரு மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, முடிந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான். அண்ணாச்சி இனி இந்த வாசலில் கால் வைக்காதே என்றுவிட்டார். கோபத்தில் சொன்னது. மகன் அதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டான். தீபாவளிக்கு வரவில்லை, மார்கழிக்கு வரவில்லை, ஆடிப்பூரத் தேருக்கும் வரவில்லை. அண்ணாச்சி ஒரு தடவை வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பான். அவன் ஒரு தடவை சொல்லாமல் வந்து நின்றிருந்தால் இவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகை என்று என் கணவர் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் மதினி கிடந்து நசுங்கினார். அவன் இந்த மனுஷன் முகத்தை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அவர் சொல்லிக்கொண்டே இருந்த ஒரே பேச்சு. துணி துவைக்கும்போது சொல்வார், பூ கட்டும்போது சொல்வார்.

ஒரு வருஷம் மாவடு காலத்தில், எங்கள் தெருக்காரர் ஒருவர் பம்பாய் போகிறார் என்று தெரிந்து, மதினி மகனுக்கு ஒரு ஜாடி மாவடு கொடுத்துவிட ஆசைப்பட்டார். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று ஜாடியை எங்கள் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டார். மில்லில் ஒரு சிறு பலகைப் பெட்டி அடித்து வாங்கி, தூளைக் கொட்டி, ஜாடியை நடுவில் இறக்கிச் சுற்றிலும் நிரப்பினோம். ரயிலில் ஆடினாலும் ஜாடி உடையாது. உப்புத் தண்ணீர் கசிந்தாலும் தூள் குடித்துக்கொள்ளும். நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு மூடியை அடிக்கப் போகும்போது, சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

“ஜாடிக்கு அடியில இன்னும் ரெண்டு கை போடு தங்கச்சி. பம்பாய் தூரம்.”

நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பது போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. ஜாடியை வெளியே எடுத்து, அடியில் இன்னும் தூள் போட்டு, மறுபடி இறக்கினோம். அது உடையாமல் போய்ச் சேர்ந்தது என்று அந்தத் தெருக்காரர் திரும்பி வந்து சொன்னார். அவன் ஏதாவது சொன்னானா என்று மதினி கேட்டதற்கு, அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொன்னார். அதை மதினி அன்றைக்கு அண்ணாச்சி காதில் விழுகிற மாதிரி என்னிடம் சத்தமாகச் சொன்னார். அண்ணாச்சி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஐப்பசியில் விடாத மழை. ஒரு நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில் பூப்பறிக்கப் போனவர், செவ்வந்திப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தார். கூடை சாயவில்லை, பூவும் கொட்டவில்லை. அவர்தான் எழுந்திருக்கவில்லை. மதினியின் குரல் கேட்டு நான் சுவரேறிக் குதித்தேன். எனக்கு அப்போது வயது சின்னது, சுவரும் சின்னதுதான்.

சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வன்னியம்பட்டியிலிருந்து அண்ணாச்சியின் தம்பி வந்தார். தபாலாபீசில் போய் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு, மகன் குடியிருந்த இடத்துக்குக் கீழே இருந்த கடைக்காரரைப் பிடித்தார்கள். அவன் அன்றைக்குச் சாயங்கால ரயிலில் கிளம்புவதாகப் பதில் வந்தது. பம்பாயிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து செங்கோட்டை ரயில். எப்படிக் கணக்குப் போட்டாலும் மூன்றாம் நாள் காலைக்கு முன்னால் வர முடியாது.

“அதுவரைக்கும் ஒடம்பு தாங்காது மதினி. பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம்” என்றார் தம்பி. கெட்ட மனுஷர் இல்லை. அண்ணன் உடம்பு எல்லோர் முன்னாலும் கெட்டுப்போய்விடக் கூடாது என்ற பயம் அவருக்கு. சுற்றி இருந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

மதினி அதுவரை அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் தேடினார்.

“ஏட்டி, நோம்புக்கு ஐஸ் வாங்கி மரத்தூள்ல பொதிஞ்சு வைப்பியே. அது எம்புட்டு நேரம் தாங்கும்?”

சர்பத்து ஐஸ் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது?

“எம்புட்டு நேரம் வேணுமோ அம்புட்டு நேரம் தாங்க வைப்போம் மதினி” என்றேன்.

என் கணவர் உடனே மில்லுக்குப் போனார். ரம்பத்தை ஓடவிட்டு, நீளமான பலகைகளை அறுத்து, ஆள் படுக்கிற அளவுக்குத் திறந்த பெட்டி ஒன்று அடித்தார். அடியில் தகரம் போட்டு, கரைகிற தண்ணீர் ஒரு மூலை வழியாக வடிய வாட்டம் வைத்தார். பிறகு டெம்போ பிடித்து ராஜபாளையம் போய், ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். வரும்போதே என் அக்கா வீட்டில் காயம் கட்டுகிற மெல்லிய காஸ் துணி ஒரு சுருளும் வாங்கி வந்தார். அக்கா அங்கே பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். முகத்தின் மேல் இரண்டு மடிப்பாகப் போட அது வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

அவர் போன நேரத்தில் தம்பியும் இன்னும் சிலரும் உதவி செய்கிறோம் என்று எங்கள் கொல்லைக் குவியலிலிருந்து தூளைக் கூடை கூடையாக அள்ளிக் கொண்டுவந்து பெட்டியை நிரப்பிவிட்டார்கள். மழையில் ஊறின தூள். பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஐஸ் வந்ததும் அதில் அடுக்கி, அண்ணாச்சியையும் கிடத்திய பிறகுதான் நான் உள்ளே வந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கட்டிகள் பாதியாகி, தண்ணீர் கூடம் தாண்டி வாசலுக்கு ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இழவு வீடு என்றுகூடப் பார்க்காமல் அத்தனை ஆண்களையும் சத்தம் போட்டேன். எல்லாவற்றையும் வெளியே அள்ளச் சொல்லி, அண்ணாச்சியைப் பாயில் இறக்கி வைத்து, பெட்டியைத் துடைத்துக் காயவைத்தோம்.

பரணில் இருந்த சாக்குகளை என் கணவர் ஒவ்வொன்றாக இறக்கினார். ஏற்றும்போது கேலி செய்தவர், இறக்கும்போது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். ஒரே ஒரு சாக்கை மட்டும் அடுப்புக்கு நிறுத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் சுவருக்கு மேலாகக் கை மாறிப் போனது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உலர்ந்த தூள், அதன் மேல் ஐஸ் கட்டிகள், சந்துகளில் தூள், மேலே ஒரு வெள்ளை வேட்டி, அதன் மேல் அண்ணாச்சி. பக்கங்களில் மறுபடி கட்டிகள், மறுபடி தூள், கழுத்து வரை சாக்கு. முகத்துக்குக் காஸ் துணி. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஈரம் மேலே வரவில்லை.

தெருவில் இழவு கிடந்தால் பிணம் எடுக்கும்வரை யாரும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். ஒரு பொழுது என்றால் தாங்கலாம். இது இரண்டு பகல், இரண்டு ராத்திரி. முதல் நாள் சாயங்காலமே சின்னப் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிவிட்டன. கொட்டகைக்குள் நான் மரத்தூள் அடுப்பை மூட்டினேன். அதில்தான் புகை தெரியாதே. பெரிய சட்டியில் உப்புமா கிண்டி, பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவர் வழியாக அழைத்து ஊட்டினேன். தெருப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. மறுநாள் மத்தியானம் வன்னியம்பட்டித் தம்பியே சுவர் ஓரம் வந்து, குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். நான் டீ கொடுத்தேன். அந்தச் சுடுதண்ணீரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டாம் நாள்தான் சிரமம். ராஜபாளையத்திலிருந்து மறுபடி கட்டிகள் கொண்டுவந்து, ஐஸை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் போதெல்லாம் நனைந்த தூளை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போட வேண்டும். பரண் காலியாகிவிட்டது. நனைந்ததைப் பிழிந்து, அடுப்புக்கு மேல் தகரத்தை வைத்து, அதில் பரப்பி வறுக்கிற மாதிரி கிளறிக் கிளறிக் காயவைத்தேன். கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மதினி மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தகர மூலையில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு வேகமானால் என்னைக் கூப்பிடுவார்.

மூன்றாம் நாள் காலை விடிந்தது. ரயில் வரவில்லை. மழையில் வழியில் எங்கேயோ நிறுத்திவிட்டார்கள் என்று ஸ்டேஷனுக்குப் போய்வந்தவர் சொன்னார். வாசலில் பாடை கட்டி முடித்துவிட்டார்கள். காயவைத்த தூளும் தீர்ந்துகொண்டிருந்தது. தம்பி உள்ளே வந்து, அண்ணன் முகத்தைத் துணியை விலக்கிப் பார்த்தார். முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கு மேல் நான் யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. எனக்கே பயம் வந்துவிட்டது. இவ்வளவு செய்தும், ஒரு ரயில் வராததால் மதினி தோற்றுப்போவாரோ என்று நினைத்தபோது அழுகையாக வந்தது.

பெட்டியில் கடைசியாக இருந்த தூளைப் போட்டேன். கையோடு வந்த நைஸ் தூள் காற்றில் எழும்பி எல்லா இடத்திலும் படிந்தது.

பத்து மணிக்கு மேல்தான் அவன் வந்தான். தோளில் ஒரு பை, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வாசல்படிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். கூட்டம் வழிவிட்டு நின்றது. அவன் உள்ளே வரவில்லை. இந்த வாசலில் கால் வைக்காதே என்று சொன்னவர் உள்ளே படுத்திருக்கிறார். அவன் அங்கேயே நிற்கிறான். எனக்கு அது முதலில் புரியவில்லை. மதினிக்குப் புரிந்தது. எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார்.

“அவன் வந்துட்டான். பாருங்க” என்றார், பெட்டியைப் பார்த்து.

அவனே குனிந்து காஸ் துணியை எடுத்தான். நான் எவ்வளவு கவனமாக இருந்தும் தூள் உள்ளே போயிருந்தது. புருவத்தில், மூக்கோரத்தில், மூன்று நாள் வெள்ளைத் தாடியில், மூடிய இமையில் எல்லாம் மஞ்சள் பொடி. இத்தனை தூரம் வந்த பிள்ளைக்கு இப்படியா காட்டுவது என்று எனக்குக் கூசிப்போயிற்று. முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுட்டி. அவன் தொடைக்கட்டும்.”

அவன் மண்டியிட்டான். கைவிரல் நுனியால் முதலில் இமையைத் துடைத்தான். பிறகு புருவம். ஊதினால் வேறு எங்கேயாவது விழுந்துவிடுமோ என்பது போல மூச்சை அடக்கிக்கொண்டு, தாடிக்குள் இருந்ததை ஒவ்வொரு துகளாக எடுத்தான். பாடை தூக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பொழுதாகிறது என்று சொல்ல வாயெடுத்த தம்பி, சொல்லாமல் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஒரு துகளும் இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை. சுத்தமாக இருந்த அந்த நெற்றியை, அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டு, திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தான்.